தீயணைப்பு நிலையத்துக்குக் கோபுரம் எதற்கு?

பஞ்சும் நூலும் நம் கொங்கு வட்டாரத்துக்குச் சோறு போடுபவை. நிலக்கடலை ஏலத்துக்குப் பெயர் பெற்ற சேவூரிலிருந்து திருப்பூர் வரை சென்று பாருங்கள். வழி நெடுகத் தறிக்கூடம், நூற்பாலை, பனியன் கம்பெனி, வெட்டுத் துணிகளைச் சேர்த்து வைக்கும் வேஸ்ட் குடோன் என ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சோறு போடும் அந்தப் பஞ்சே ஒரு பொறி பட்டால் பகையாகிவிடும் என்பதும் நாம் அறிந்ததே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராமத்துக் குடோன் ஒன்றில் தீப்பிடிக்கிறது. தீயணைப்பு நிலையம் 10 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் வழியில் மட்டும் 15 நிமிடம் ஆகிவிடும். தீயைக் கண்டவர் செய்தி சொல்லும் நேரமும், வீரர்கள் வண்டியேறும் நேரமும், குழாயைப் பூட்டும் நேரமும் இதற்குமேல். இந்த நிமிடங்களை ஒவ்வொன்றாகக் குறைக்க மனிதன் செய்த முயற்சியே தீயணைப்பு நிலையத்தின் வரலாறு. பழைய நிலையங்களின் கட்டட அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் கோபுரம், அகன்ற வாயில், மாடி, வழுக்குக் கம்பம் ஆகிய யாவும் இந்த ஒரே நோக்கத்தில் எழுந்தவை என்பது விளங்கும்.

முதல் காவல் வீடுகள்

தீயை அணைப்பதற்கென்றே ஆட்களை ஓரிடத்தில் தங்க வைக்கும் வழக்கம் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையது. கி.பி. 6-ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இரவுக் காவலுக்கும் தீயணைப்புக்குமாக ஒரு படையை அமைத்தார். ரோம் நகரின் 14 பகுதிகளை அப்படையின் 7 பிரிவுகள் காத்தன. ரோமின் துறைமுகமாக விளங்கிய ஆஸ்டியாவில் இப்படையினர் தங்கிய கட்டடத்தின் எச்சங்களை இன்றும் காணலாம். நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள் என்பது அதன் அமைப்பு. அழைத்தவுடன் எல்லாரும் ஒரே முற்றத்தில் கூட வேண்டும் என்பதுதான் இதன் கருத்து.

அக்காலத்தில் அவர்களிடம் இருந்தவை வாளியும் கைப்பம்பும் கோடரியுமே. தண்ணீரைத் தீயின் அருகே கொண்டு செல்லும் வழியை 1670-களில் ஆம்ஸ்டர்டாம் நகரின் யான் வான் டெர் ஹைடன் கண்டார். இவர் ஓர் ஓவியர். பொறியியல் அறிவும் உடையவர். தோலைத் தைத்துக் குழாயாக்கிப் பம்புடன் இணைத்தார். அதுவரை தெருவில் நின்று தண்ணீரை வீசியவர்கள், அதன்பின் எரியும் வீட்டுக்குள்ளேயே குழாயைக் கொண்டு செல்ல முடிந்தது.

1666-இல் லண்டன் நகரின் பெரும்பகுதியை அழித்த தீக்குப்பின், அங்கே தீக்காப்பீட்டுக் கம்பெனிகள் தோன்றின. தம்மிடம் காப்பீடு செய்த கட்டடங்களைக் காக்க அவை தனித்தனியே ஆட்களை வைத்துக்கொண்டன. காப்பீடு செய்த வீட்டின் சுவரில் கம்பெனியின் உலோக வில்லை பதிக்கப்பட்டிருக்கும். ஆக, தீயணைப்பு அந்நாளில் வணிகமாக இருந்ததே தவிரப் பொதுக் கடமையாக இருக்கவில்லை. 1824-இல் எடின்பரோ நகரம் தனக்கென ஒரு தீயணைப்புப் படையை நிறுவி, ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற இளைஞரைத் தலைவராக்கியது. 1833-இல் லண்டன் கம்பெனிகள் தம் படைகளை ஒன்றாக்கி, அவரையே தலைமை ஏற்க அழைத்துக்கொண்டன.

கிடங்கு எரிந்தது, சட்டம் பிறந்தது

1861 ஜூன் 22 அன்று லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் டூலி தெருக் கிடங்குகளில் தீ மூண்டது. அங்கே பஞ்சு, சணல், சர்க்கரை, தேயிலை, கொழுப்பு ஆகியவை அடுக்கடுக்காக நிறைந்திருந்தன. நார்ப் பொருள்களில் தானாக மூண்ட சூடே தீக்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. கிடங்குகளுக்கு இடையே தீயைத் தடுக்க இரும்புக் கதவுகள் இருந்தன. ஆனால் அவை திறந்து கிடந்தன. ஆற்றில் நீர் வற்றியிருந்த வேளையாதலால் மிதவைப் பம்புகளுக்கும் தண்ணீர் எளிதில் கிட்டவில்லை. சுவர் ஒன்று இடிந்து விழுந்து பிரெய்ட்வுட் அங்கேயே மாண்டார். தீ முற்றிலும் அடங்க இரண்டு வாரம் ஆயிற்று.

பெருநட்டம் கண்ட கம்பெனிகள், இனி இப்பொறுப்பை அரசே ஏற்க வேண்டும் என்றன. 1865-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1866-இல் லண்டன் பெருநகரத் தீயணைப்புப் படை பிறந்தது. இனி ஏழை வீடானாலும் செல்வர் மாளிகையானாலும் படை வரும். பொதுப் பணத்தில் நிலையங்கள் எழுந்தன. ஒரு நகரத்தில் எத்தனை நிலையங்கள் வேண்டும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கவேண்டும் என்ற கணக்கும் முதன்மை பெற்றது.

இந்த அலை ஆசிய நகரங்களையும் தொட்டது. பம்பாயில் முன்பு போலீசாரின் பொறுப்பில் இருந்த தீயணைப்பு வேலை 1887-இல் நகராட்சியின் கைக்கு மாறியது. சிங்கப்பூரில் 1888-இல் முறையான படை ஏற்பட்டது. நம் சென்னையில் தீயணைப்புப் பணி தொடங்கிய ஆண்டு 1908. அதே 1908-இல்தான் சிங்கப்பூரின் ஹில் தெருவில் மத்திய தீயணைப்பு நிலையம் கட்டி முடிக்கப்பட்டது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள அந்நகரின் இந்தக் கட்டடம் பழைய உறுப்புகள் குலையாமல் நின்று, இன்றும் தீயணைப்பு நிலையமாகவே பணியாற்றுகிறது. எனவே நம் பாடத்துக்கு இதனையே எடுத்துக்கொள்வோம்.

ஹில் தெருவில் ஒரு செங்கல் பாடநூல்

சிங்கப்பூரின் பழைய கடைவீதிகளை மனக்கண்ணில் பாருங்கள். முன்புறம் குறுகியும் உட்புறம் நீண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் கடைவீடுகள்; மரத்தாலான மேல்தளங்கள்; கீழே சரக்கு, மேலே குடித்தனம். ஒரு வீட்டில் தீப்பற்றினால் அடுத்த வீடு தப்புவது அரிது. அந்நகரின் தீயணைப்புப் படையைச் சீர்ப்படுத்த, 1900-களின் தொடக்கத்தில் மான்டேகு வில்லியம் பெட் என்ற தேர்ச்சி பெற்ற அதிகாரி இங்கிலாந்திலிருந்து வந்தார். அவர் காலத்தில் எழுந்ததே இந்த நிலையம்.

கோட்டைக் குன்றான போர்ட் கேனிங்கின் அடிவாரத்தில், 1835-இல் கட்டப்பட்ட அர்மீனியன் தேவாலயத்துக்கு அருகே இது நிற்கிறது. சிவப்புச் செங்கல் பூசாமல் தெரியும். இடையிடையே வெள்ளைப் பட்டைகள் ஓடும். இதற்கு ஆங்கிலேயர் வைத்த செல்லப் பெயர் 'இரத்தமும் கட்டுத்துணியும்' என்பதாகும். அக்கால இங்கிலாந்தில் பெருவழக்காக இருந்த பாணி இது.

தரைத்தளத்தில் தெருவை நோக்கி வரிசையாக அகன்ற வளைவு வாயில்கள் உள்ளன. வண்டியைத் திருப்பவோ பின்னுக்கு எடுக்கவோ தேவையில்லை. கதவைத் திறந்தால் நேரே தெரு. மாடியில் வீரர்கள் தங்கினர். குடும்பங்களுக்கும் இங்கே குடியிருப்பு இருந்தது. வீடும் வேலையிடமும் ஒன்றாக இருந்ததால் ஆளைத் தேடி ஆள் அனுப்பும் நேரம் மிச்சமாயிற்று. பின்புறம் பயிற்சிக்கான முற்றம். ரோமானியர் கண்ட அதே முற்றம்! இவை எல்லாவற்றுக்கும் மேலே, சுற்றுப்புறத்தைப் பார்த்தபடி நிற்கிறது கோபுரம்.

கோபுரத்தின் முதல் வேலை: பார்த்தல்

தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் தீச்செய்தி எப்படி நிலையத்தை எட்டும்? ஒருவர் ஓடி வந்து சொல்லவேண்டும். அல்லது காவற்காரர் ஒருவர் புகையைக் கண்டு மணி அடிக்கவேண்டும். உயரத்துக்கும் பார்வைத் தொலைவுக்கும் உள்ள உறவு எளியது. தரையிலிருந்து கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பது கிடைக்கும். தரையில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்கும் குறைவு. 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கோ ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர். கூரைகளும் மரங்களும் மறைக்காத பார்வை அவருக்கு வாய்க்கிறது.

புகை தெரிந்தால் மட்டும் போதாது. எந்தத் தெரு என்றும் தெரியவேண்டும். ஒரு கோபுரத்திலிருந்து பார்த்தால் திசை மட்டுமே கிடைக்கும். இரண்டு கோபுரங்களிலிருந்து பார்த்துத் திசைக்கோடுகளை நகரப் படத்தில் வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே தீயுள்ள இடம். பள்ளியில் படிக்கும் முக்கோணக் கணக்கு உயிர் காக்கப் பயன்படுவதைப் பாருங்கள்!

இந்த முதல் வேலையைக் கோபுரத்திடமிருந்து மின்சாரம் பறித்துக்கொண்டது. 1852-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்ட அபாய அறிவிப்புப் பெட்டிகள் தெருக்களில் வைக்கப்பட்டன. பெட்டியை இயக்கினால் அதன் எண் நிலையத்தில் ஒலிக்கும். எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். பின்பு தொலைபேசி பரவியது. ஆயினும் பல ஊர்களில் கோபுரங்கள் தொடர்ந்து கட்டப்பட்டன. காரணம், கோபுரத்துக்கு இரண்டாவது வேலை ஒன்று இருந்தது.

இரண்டாவது வேலை: குழாய் உலர்த்தல்

இந்த இடத்தில் நம் பஞ்சு மீண்டும் வருகிறது. இம்முறை பகைவனாக அன்று, துணைவனாக.

தோல் குழாய் கனமானது, காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைத் துணிக் குழாய் பிடித்தது. உட்புறம் ரப்பர் பூசிய பருத்திக் குழாய்க்கு 1821-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பாய்டு உரிமம் பெற்றார். ரப்பர் பூசாத ஆளி நார்க் குழாயும் வழக்கில் இருந்தது. நார் நனைந்ததும் உப்பி, நெசவின் கண்களை அதுவே அடைத்துக்கொள்ளும் என்பது அதன் சிறப்பு.

துணிக் குழாயின் பகைவன் ஈரம். பருத்தியும் ஆளியும் செல்லுலோஸால் ஆனவை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் அந்தச் செல்லுலோஸை உண்டு நூலை இற்றுப்போகச் செய்துவிடும். வெளியில் பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த தீயின்போது பம்பின் அழுத்தம் ஏறியதும் கிழியும். கிழிந்த குழாயை மாற்றும் ஐந்து நிமிடத்தில் தீ ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறிவிடும்.

வெயிலில் தரையில் விரித்து உலர்த்தலாமே என்று கேட்கலாம். கடுவெயில் நூலையும் ரப்பரையும் கெடுக்கும். மழைக்காலத்தில் வெயிலே இராது. தெருவிலோ இடமும் இல்லை. நேராகத் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் நீர் தானே வடியும். கோபுரத்தின் கீழிருந்து மேலே செல்லும் காற்று மீதி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு குழாயின் நீளம் 15 மீட்டர் என்றால், முழு நீளத்தையும் தொங்கவிட ஐந்து மாடி உயரம் தேவை. நடுவில் மடித்துத் தொங்கவிட்டாலும் ஏழரை மீட்டர் வேண்டும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள அத்தகைய குழாயில் நீர் நிறைந்தால் அந்த நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 47 கிலோகிராம். ஆகவே கோபுர உச்சியில் கப்பியும் கயிறும் அமைத்துக் குழாய்களை மேலே இழுத்தனர். பாவு உலர்த்தும் நெசவாளியின் கவலைதான் இந்தத் தீயணைப்பு வீரருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நைலான், பாலியெஸ்டர் இழைக் குழாய்கள் வந்தன. பூஞ்சணத்துக்கு இவை இரையாவதில்லை. கோபுரத்தின் இரண்டாவது வேலையும் இவ்வாறு குறைந்தது. இன்று கோபுரம் உள்ள நிலையங்களில் அது பெரும்பாலும் ஏணி ஏறவும் கயிற்றில் இறங்கவும் பழகும் இடமாக உள்ளது.

குதிரையும் வழுக்குக் கம்பமும்

நீராவிப் பம்பு கனமானது. அதனை இழுத்துக்கொண்டு குதிரைகள் ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் முழு வேகத்தில் ஓட இயலாது. அதனால் பழைய நகரங்களில் நிலையங்கள் நெருக்கமாக அமைந்தன. கீழே குதிரை லாயமும் வண்டியும், மேலே வைக்கோலும் வீரர் தங்கும் அறையும் இருந்தன. மணி அடித்தால் மாடிப்படியில் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டிமோதி இறங்குவர். 1878-இல் சிகாகோ நகரின் 21-ஆம் எண் நிலையத்தில் டேவிட் கென்யான் என்ற அதிகாரி இதற்கு வழி கண்டார். மேல்தளத்தில் துளையிட்டு, வழவழப்பாக்கிய மரக் கம்பம் ஒன்றை நாட்டினார். முதலில் மற்றவர்கள் நகைத்தனர். அந்த நிலையத்து வண்டி எப்போதும் முதலில் வந்து நிற்பதைக் கண்டபின் அவர்களும் கம்பம் நாட்டினர். 1880-இல் பாஸ்டனில் பித்தளைக் கம்பம் வந்தது.

மோட்டார் வண்டி வந்ததும் குதிரை போயிற்று. நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவும் கூடிற்று. நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் இனி வண்டி செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது. நம் கிராமங்களுக்குத் தீயணைப்பு வண்டி வருவது இந்த மாற்றத்தால்தான். ஆனால் அந்த 15 நிமிடக் கணக்கும் இதே மாற்றத்தின் மறுபக்கமே.

நீறு பூத்த நெருப்பு

வண்டி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை எனலாமா? பஞ்சைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல முடியாது.

நம் நாட்டுப் பஞ்சுப் பொதி ஒன்றின் எடை ஏறத்தாழ 170 கிலோகிராம். இறுக்கிக் கட்டியிருந்தாலும் இழைகளுக்கு இடையே காற்று தங்கியிருக்கும். மேற்புறத் தீ அணைந்தாலும் உள்ளே கங்கு ஊர்ந்துகொண்டே இருக்கும். சுடரில்லை, புகையும் சிறிதே. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு முற்றும் பொருந்தும்.

தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காதா? சாயப்பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு விடை தெரியும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. அதைக் காரத்தில் வேகவைத்து நீக்கினால்தான் துணி சாயத்தை வாங்கும். மெழுகு நீங்காத பஞ்சின்மேல் விழும் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். இதற்காகவே நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களைத் தண்ணீரில் கலந்து வீசும் முறையும் உண்டு. எனினும் பொதியைப் பிரித்து, கங்கைத் தேடி நனைப்பதே முடிவான வழி.

இதன் கொடிய சான்று 1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற போர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பலில் ஏறத்தாழ 8,700 பஞ்சுப் பொதிகளும் 1,400 டன் வெடிபொருள்களும் இருந்தன. பிற்பகலில் பஞ்சிலிருந்து புகை வருவது தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் 900 டன்னுக்கும் மேற்பட்ட தண்ணீரை உள்ளே செலுத்தினர். தீ எங்கிருக்கிறது என்பதைக் கண்டறிய முடியவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு வெடிப்பு. மாண்டவர் பல நூற்றுவர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஐ நாடு தீத்தொண்டு நாளாக நினைவுகூர்வது இவர்களுக்காகவே. நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் வேளை அது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நம் பொறுப்பு

ஹில் தெரு நிலையத்தைச் சிங்கப்பூர் அரசு 1998-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2001-இல் அங்கே பழைய வண்டிகளையும் கருவிகளையும் காட்டும் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. காட்சிக்கூடத்துக்கு அடுத்த வாயிலில் இன்றைய வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. சிங்கப்பூர் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் சென்று காணுங்கள்.

அதற்குமுன் நம் ஊரில் காணவேண்டியவை சில உண்டு. வண்டி ஒன்று 4,500 லிட்டர் தண்ணீருடன் வருவதாகவும், நிமிடத்துக்கு 450 லிட்டர் வீசுவதாகவும் கொண்டால் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. டூலி தெருவில் ஆறு வற்றியதால் நேர்ந்தது நமக்கும் நேரலாம். உங்கள் தறிக்கூடத்துக்கோ குடோனுக்கோ அருகில் வண்டி சென்று நிரப்பக்கூடிய கிணறு அல்லது தொட்டி எங்குள்ளது என்று இன்றே பாருங்கள். அங்கே செல்லும் பாதையைப் பொதிகள் அடைத்திருக்கின்றனவா? இரண்டு அறைகளுக்கு இடையே உள்ள இரும்புக் கதவு மூடக்கூடிய நிலையில் உள்ளதா, அல்லது கல் வைத்துத் திறந்தே கிடக்கிறதா? எண்ணெய் துடைத்த கழிவுப் பஞ்சைக் குவித்து வைத்தால், சில வகை எண்ணெய்கள் காற்றுடன் கூடித் தாமே சூடேறி எரியத் தொடங்கும். அதனை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு அன்றன்றே அகற்றுவது நலம். தீ அணைந்த பின்னும் கரிந்த பொதியை உள்ளே வைக்காமல், வெட்டவெளியில் பிரித்துப் போட்டு ஓர் இரவாவது ஆள் வைத்துக் காக்கவேண்டும்.

தீயைக் கண்டவுடன் 101 அல்லது 112 என்ற எண்ணை அழையுங்கள். நாமே அணைத்துவிடலாம் என்று முயன்று, முடியாதபோது அழைப்பவர்களே மிகுதி. வழியில் செல்லும் 15 நிமிடத்தை நம்மால் குறைக்க முடியாது. அழைக்கத் தயங்கும் 15 நிமிடத்தைக் குறைக்க முடியும். அன்று கோபுரத்தின் உச்சியில் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து நின்று செய்த வேலையை இன்று செய்ய வேண்டியவர்கள் நாமே.